பத்தாவது கையெழுத்து

மார்ச் 24, ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். வாங்க வேண்டியவை: உளுந்து, பேனா ரீஃபில். பக்கத்துத் தெரு மலர் அக்கா வந்தார். சாயப்பட்டறை வேலை, விரல்களில் அரக்குச் சிவப்பு. எம்.பி. தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறார். குழாயில் சாயத்தண்ணீர் கலந்து வருவதை எந்தக் கட்சியும் கேட்கவில்லை என்று கோபம். பெரிய கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், இதே தொகுதி வாக்காளர்கள். சேர்ந்தது ஒன்பது.

"நாலு புஸ்தகம் படிச்ச பொண்ணு, நீ ஒரு கையெழுத்து போடும்மா."

சரி என்றேன். உள்ளுக்குள் பெருமை.

மார்ச் 26, செவ்வாய்
கல்லூரி நூலகம். தலைமை நூலகர் சிரித்துக்கொண்டே, "இன்னாமா, அரசியல்ல எறங்கிட்டியாமே? நம்ம தாளாளர் எந்தக் கட்சின்னு தெரியும்ல?"

அங்கே எனக்கு ஒப்பந்த வேலை. ஜூனில் புதுப்பிக்க வேண்டும்.

அந்தக் கட்சியில் விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் நடந்தது. கடைசியில் வேட்பாளர், சென்னையில் தலைமை சொன்ன பெயர். நகரச் செயலாளருக்கே டிவி பார்த்துத்தான் தெரியும். அவர்களுக்குப் போய்ப் பயப்படுகிறேன்.

சாயங்காலம் போனில் பொய். "அக்கா, ஹாஸ்டல்ல இருந்தப்பவே ஓட்ட மெட்ராசுக்கு மாத்திட்டேன். மறந்தே போச்சு."

"அய்ய, அதுக்கு ஏம்மா அழற? உன் மேல இன்னா தப்பு?"

நான் அழவில்லை. குரல் அப்படி இருந்திருக்கிறது.

மார்ச் 27, புதன்
மனுவுக்குக் கடைசி நாள். பத்தாவதாக அக்காவின் தம்பி மனைவி கையெழுத்தாம். அப்பாடா. உடனே பசித்தது. வெட்கம்.

மார்ச் 28, வியாழன்
பரிசீலனை. அக்கா மனு தள்ளுபடி. தம்பி மனைவி செய்யாறு பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்தும் ஓட்டு இன்னும் அம்மா வீட்டில். அது வேறு தொகுதி. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை.

டீக்கடையில்: "பொண்ண கூட்டிக்கினு வந்தவன் ஓட்ட அங்கயே வுட்டுட்டான்பா!" ஒரே சிரிப்பு. அந்தப் பெண் வெளியே தலை காட்டவில்லையாம். என் இடத்தில் நின்றவள்.

இரண்டு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி
நெருப்பு வெயில். போகாமல் இருக்கப் பார்த்தேன். அப்பா விடவில்லை. "ஓட்டு போடாத படிப்பு இன்னாத்துக்குமா?" பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை. முன்னால் மலர் அக்கா. திரும்பிவிட்டார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த பூத் சிலிப்பையும்.

"இன்னாமா, மெட்ராஸ்லருந்து ஓட்டு வந்துடுச்சா?"

சுற்றிலும் தெருக்காரர்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

"நல்லதும்மா. வெயில்ல நிக்காத, எனக்கு முன்னாடி வா." நகர்ந்து இடம் விட்டார்.

போய் நின்றேன்.