குறட்டை பிரமாதம்

அன்புள்ள அம்மா,

பொம்மனஹள்ளிவாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: அப்பா வார்த்த தோசை இன்று காலை கல்லை விட்டு இறங்க மறுத்துவிட்டது. பேச்சுவார்த்தை தொடர்கிறது.

உன் ஆய்வகத்திலிருந்து இளவேனில் அக்கா வந்திருந்தார். "தூங்கும்போது மூளை நினைவுகளை எப்படி அடுக்குதுன்னு உலகத்துல எவன் எழுதினாலும், உங்கம்மா பேப்பரைச் சொல்லாம தாண்ட முடியாதுடா" என்றார். "அதுல தூங்கினதே நான்தானேக்கா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். என் மண்டையை வைத்துத்தானே நீ பெயர் வாங்கினாய்!

ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில், கம்பிகள் தொங்கும் அந்தத் தொப்பியை மாட்டிவிட்டு என்னைத் தூங்கச் சொன்னாய். நான் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டேன். திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தபடியே நீ சொன்னாய்: "குறட்டை பிரமாதம். மூளைதான் முழிச்சிக்கிட்டு இருக்கு, ஃப்ராடு."

நாளைக்கு டாக்டர் உன் தலையிலிருந்து அந்தக் கட்டியை எடுக்கப்போகிறார். இத்தனை மூளைகளைப் பார்த்த உனக்கு நான் தைரியம் சொல்வது ரொம்ப ஓவர். எனக்கும் பயமெல்லாம் இல்லை. வேண்டுமானால் அப்பாவிடம் கேள். அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பாவிடம் அந்தத் தொப்பி இல்லை, அதனால் தப்பித்தேன். நீ இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாய்.

சீக்கிரம் வந்து கண்டுபிடி அம்மா.

இப்படிக்கு,
உன் ஃப்ராடு