புரைமி சந்தையில் தேடிய ஒட்டகம்

அண்ணே,

பக்கத்து வீட்டுப் பையன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். நேற்று சாயங்காலம் ஒரு டப்பா அல்வா கொண்டுவந்து கொடுத்தான். மூடியைத் திறந்ததும் பன்னீரும் குங்குமப்பூவும் நெய்யும் கலந்த வாசனை வீட்டை நிறைத்தது. "நம்ம ஊரு அல்வா மாதிரி இல்ல, வழவழன்னு இருக்கு" என்று எல்லோரும் குறை சொல்லிக்கொண்டே டப்பாவைக் காலி செய்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அதே வாசனைக்கு நடுவில் நீங்களும் நானும் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. வாயில் எதுவும் வைக்க முடியவில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. உயிரோடு இருக்கும்போது உங்களிடம் நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நீங்களே கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அபுதாபி முசஃபா கேம்ப்பில் நம் ரூமில் எட்டுப் பேர். நீங்கள் வெல்டர், நான் ஃபிட்டர். உங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம், எனக்கு அரியலூர் பக்கம். லீவு முடிந்து ஒருவன் திரும்பி வந்தால் அன்று ரூமில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கும் ஊறுகாயும் பிரிபடும். எல்லோரும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டில் புள்ளை இருந்தால் முதல் கேள்வி ஒன்றேதான்: புள்ள கிட்ட வந்துச்சா? அடையாளம் தெரிஞ்சுதா? அடுத்து லீவில் போகப்போகிறவன் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்டுவான்.

நான் மூன்று மாதக் குழந்தையாக விட்டுவிட்டுப் போன மகனை, அவனுக்கு மூன்று வயது ஆகும்போது பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடுத்து போகப்போகிறவர் நீங்கள். உங்கள் மனைவி ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது விமானம் ஏறியவர். நாலு வருஷம் ஆகப்போகிறது. பிறந்த பெண்ணைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தீர்கள். கையில் முறுக்கை வைத்துக்கொண்டு, கடிக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் கதை விட்டேன் அண்ணே.

"ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னவன், என்னப் பாத்ததும் ஓடியாந்து காலக் கட்டிக்கிட்டான்" என்றேன். யாரோ நம்பாமல், "மூணு வருசமா பாக்காத புள்ள எப்படிடா வரும்?" என்று கேட்டார்கள். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது? "சாவி குடுத்தா தலைய ஆட்டிக்கிட்டே நடக்குற ஒட்டகம் ஒண்ணு கையில வச்சிருந்தேன். அதப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தான்" என்று சேர்த்துவிட்டேன். எங்கே வாங்கினாய் என்று நீங்கள் கேட்டீர்கள். யாரும் எளிதில் போய்ப் பார்க்க முடியாத இடமாக இருக்கட்டும் என்று, "அல் ஐன் சைட்டுல இருந்தப்போ ஓமான் பக்கம் புரைமி சந்தையில வாங்குனதுண்ணே" என்றேன். அல் ஐனில் இரண்டு மாதம் வேலை பார்த்தது உண்மைதான். புரைமியில் நான் கால் வைத்தது கிடையாது.

உங்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அடுத்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்புடா, ஓமானுக்குப் போவோம்" என்றீர்கள்.

"பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல இருக்குண்ணே. எப்படிப் போறது?"

"புரைமிக்கு மாஃபி பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டே வேணாம். டிரைவருகிட்ட விசாரிச்சுட்டேன். அல் ஐன்ல டாக்ஸி பிடிச்சா நேரா உள்ள போயிரலாமாம். செக்போஸ்ட்டு அங்கிட்டு ரொம்பத் தள்ளி இருக்காம்."

அப்போது அது உண்மைதான். வேலி போடாத காலம். கம்பெனிப் பெட்டியில் பாஸ்போர்ட் பூட்டிக் கிடந்த நம்மைப் போன்றவர்கள் போய்வரக்கூடிய ஒரே வெளிநாடு அதுதான். டாக்ஸி எல்லையைத் தாண்டியதும் நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினீர்கள். "இந்த நாட்டுல நம்மள எவனும் வேல செய்யச் சொல்ல முடியாதுடா. நாம டூர் வந்த ஆளுக" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

கோட்டைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தோம். தார்ப்பாய்ப் பந்தல்களுக்குக் கீழே பேரீச்சம்பழம் மலையாகக் குவிந்திருந்தது. கருவாட்டு மூட்டைகள், காய்ந்து கறுத்த எலுமிச்சை, சட்டி பானை, கத்தி உறைகள், பிரம்புக் கம்புகள். தலையில் பூப்போட்ட தொப்பி வைத்த ஒருவர் பித்தளை அண்டாவில் அல்வாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கூப்பிட்டு விரலில் ஒரு வழி வழித்துக் கொடுத்தார். வேலைக்காரனாக இல்லாமல் பயணியாக உங்களை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஒவ்வொரு கடையிலும் நின்றீர்கள், தொட்டுப் பார்த்தீர்கள், "சலாம்" சொன்னீர்கள். சாம்பிராணியை முகர்ந்துவிட்டுத் தும்மினீர்கள். ஆனால் இரண்டு கடைக்கு ஒரு தரம் என் பக்கம் திரும்பி, "அந்தக் கடை எங்கடா?" என்று கேட்டீர்கள்.

"இங்கதாண்ணே இருந்துச்சு."

இல்லாத கடையை எத்தனை சந்தில் தேடுவது? வாய் கூசாமல் ஒவ்வொரு சந்தாக உங்களை அழைத்துப் போனேன். கடைசியில் நீங்களே விசாரிக்க ஆரம்பித்தீர்கள். ஒட்டகத்துக்கு இந்தியில் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடுச்சந்தையில் கழுத்தை நீட்டி, முதுகில் கையை வைத்துத் திமில் காட்டி, தலையை ஆட்டி நடந்தீர்கள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நம்மை அழைத்துப் போய் நிஜ ஒட்டகத்துக்குக் கட்டுகிற கயிறு விற்பவரிடம் விட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு என் முகத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தொழுகை நேரம் வந்ததும் கடைகள் அடைத்தார்கள். கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் பழமும் சாப்பிட்டோம். நீங்கள் சட்டைப்பையிலிருந்து பாப்பாவின் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தீர்கள்.

"எனக்கு வேற எந்தப் பயமும் இல்ல தம்பி. வெல்டிங்ல எத்தன மாடி ஒசரத்துல வேணாலும் ஏறி நிப்பேன். இந்தப் புள்ள என்னப் பாத்து அழுதுருச்சுன்னா, அத மட்டும் எனக்குத் தாங்காது."

"வந்துரும்ணே" என்றேன். பழக்கொட்டையைத் துப்புவது போலத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மாலையில் கடைகள் திறந்தபோது, பந்தலின் கோடியில் தரையில் விரிப்புப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நடுவயது. கறுப்புத் துணி, முகத்தில் மூக்குவரை பளபளக்கும் முகமூடி. அவருக்கு முன்னால் கம்பளி நூலில் முடைந்த பைகளும் குஞ்சங்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே அரைச்சாண் உயரத்தில், சிவப்பும் கறுப்புமாக நூல் சுற்றிய ஒட்டகம் ஒன்று. சாவி கிடையாது, தலை ஆடாது. நீங்கள் அதைக் கையில் எடுத்ததும் எனக்கு மூச்சு வந்தது. "இதே மாதிரிதாண்ணே" என்று அவசரமாகச் சொன்னேன்.

அந்த அம்மா நன்றாகவே இந்தி பேசினார். குழந்தைக்கா என்று கேட்டார். பெண் என்றீர்கள். வயது கேட்டபோது மூன்று விரலைக் காட்டி, நாலாவதைப் பாதி மடக்கிக் காட்டினீர்கள். பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை என்பதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னீர்கள். அவர் ஒட்டகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். முதலில் அழும். கிட்டே வராது. நீ தூக்கப் போகாதே, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. நாளாகும். தன் புருஷனும் குவைத்தில் இருந்தவன்தான், தன் பிள்ளைகள் மூன்றும் அழுதவைதான் என்றார்.

உங்கள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்று என்னைப் பார்த்தீர்கள்.

"அந்தம்மா சும்மாதானே சொல்லுது? ஓம்பய ஓடித்தானே வந்தான்?"

அண்ணே, அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். முன்பின் தெரியாத ஒரு பெண், கடை விரிப்பில் உட்கார்ந்தபடி, உள்ளதைச் சொல்லிவிட்டார். கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்து எழுந்த நான் சொல்லவில்லை.

"ஆமாண்ணே, ஓடித்தான் வந்தான்" என்றேன். உங்கள் முகம் தெளிந்தது. அல் ஐன் வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தீர்கள்.

கட்டிலுக்கு அடியில் மாதக்கணக்கில் நிரம்பிக்கொண்டிருந்த உங்கள் அட்டைப்பெட்டியில் நைலான் கயிறு கட்டியபோது, ஒட்டகத்தை மட்டும் உள்ளே வைக்க விடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போனீர்கள், நான் போனதாகச் சொன்னதைப் போலவே.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தீர்கள். கட்டில்களில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். கேள்வி வந்தது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. பாத்ததும் ஓடியாந்து காலக் கட்டிக்கிருச்சு" என்றீர்கள். அப்படியே நான் சொன்ன வார்த்தைகள். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தேன். உங்கள் மேலுதட்டில் மீசை இல்லை. முறுக்கி விட்டுக்கொண்டு திரிந்த மீசை. ரூமே சேர்ந்து கலாட்டா செய்தது. வெயிலுக்கு அரிக்குது, எடுத்துட்டேன் என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மீசை வைக்கவே இல்லை.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கேட்டால் என் குட்டும் உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் என்னை ருவைஸ் சைட்டுக்கு மாற்றினார்கள். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஃபோன், அதுவும் குறைந்து, நீங்கள் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போனதையே ஒரு வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். நானும் ஊர் திரும்பினேன். பார்க்க வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்தது உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, உங்கள் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். உங்கள் முகச்சாடை, உங்கள் புருவம்.

"முசஃபா மாமாதானே? அப்பா ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஏர்போர்ட்டுல ஒங்க பையன் ஓடியாந்தானாமே."

நான் டம்ளரை வாயில் வைத்தேன்.

"நான் அப்படி வரலயாம் மாமா. அந்த லீவு முழுக்கக் கிட்டவே போகலயாம். மீசையப் பாத்துப் பயப்படுறேன்னு யாரோ சொன்னாங்களாம், மறுநாளே எடுத்துட்டாராம். அதுக்கும் நான் போகல. அவன் புள்ள அவங்கிட்டப் போச்சு, எம்புள்ள எங்கிட்ட வரல, எங்கிட்டத்தான் ஏதோ கொறைன்னு அம்மாகிட்டச் சொல்லி அழுவாராம். அப்புறம் நான் அப்பா அப்பான்னு அவரு பின்னாடியேதான் சுத்துனேன். இருந்தாலும் போன வருசம் ஆஸ்பத்திரியில கூட, ஒங்க பையனப் பத்தி பேச்சு வந்துச்சு. மனசுல இருந்துருக்கு."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எம் பையனும் எங்கிட்ட வரலம்மா" என்றேன். "நான் சும்மா சொன்னேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாமா" என்று மட்டும் கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கேள்வியோடுதான் ஒன்றரை மாதமாக எழுகிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். நடந்ததையாவது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் என் மகன் அவன் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டான். இரண்டு மாதமும் நான் அவனுக்கு 'அந்த மாமா'தான். வீட்டில் ஃபோன் இருந்தது. வாரா வாரம் அதில் கேட்ட குரல்தான் அவனுக்கு அப்பா. ஒரு நாள் காலையில் அவன் ஸ்டூலில் ஏறினான். ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கக்கூடாது என்று கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காரு. போகவே மாட்டேங்குறாரு. நீ சீக்கிரம் வா."

நான் நாலடி தள்ளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் அண்ணே.