ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர்

அன்பு மகன் கர்ட்டிஸுக்கு,

நான் நலம், உன் அம்மா அவ்வளவு நலமில்லை, நீ நலமாகத்தான் இருப்பாய், ஹூஸ்டனில்தான் ஜனவரியிலும் வெயில் அடிக்கிறதே. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஹீட்டரைப் பிடுங்கிப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். எந்த மகராசன் உனக்கு இன்ஜினியர் பட்டம் கொடுத்தான்? இருபத்துநாலுக்கு இருபத்துநாலு அடி கார் ஷெட், பத்தடி உயரம், மேற்குச் சுவரில் வெறும் பலகை, உள்ளே குளிரைத் தடுக்கிற பஞ்சு கிடையாது, வெளியே மைனஸ் முப்பது. இதற்கு ஒன்றரைக் கிலோவாட்டா? நேற்று வந்து அளந்த எலக்ட்ரீஷியன், சுவருக்குப் பஞ்சு அடைத்தாலும் பத்துக் கிலோவாட் வேண்டும், அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டும் என்றான். நீ தரையின் அளவை மட்டும் கேட்டாய், சுவரையும் கூரையையும் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா?

அதுகூடப் பரவாயில்லை. அந்த ஷெட்டில் உன் ஹீட்டரையும், கார் என்ஜின் ராத்திரியில் உறையாமல் சூடாக வைக்கிற வயரையும் ஒன்றாகப் போட்டால் ஃப்யூஸ் போகிறது என்றேன். "ஷெட்டே சூடா இருக்கப்போ என்ஜினுக்குத் தனியா எதுக்குப்பா வயர்?" என்றாய் நீ. நானும் புத்தி கெட்டுப் போய், நாற்பது குளிர்காலமாக ஒருநாள்கூட மறக்காமல் என்ஜினுக்குச் செருகிய வயரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் உருவிவிட்டு உன் ஹீட்டரைச் செருகினேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அம்மாவைக் காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஆறு மணிக்கு டயாலிசிஸ். பக்கத்து வீட்டு டுவேன் எழுந்து, டிரக்கைச் சூடாக்கி, ஏற்றிக்கொண்டு போவதற்குள் ஏழேகால் ஆகிவிட்டது. அடுத்த ஆள் காத்திருந்தார், நாலு மணி நேரம் ஓட்ட வேண்டிய மெஷினை இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது கால் வீங்கியிருந்தது.

போகிற வழியில் டிரக்கில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிடலாம் ஆர்வில். இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமேயும் வேணாம். எனக்குப் போதும்" என்றாள். டுவேன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இதுவரைக்கும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. பயமாக இருக்கிறது கர்ட்டிஸ்.

பெரிய ஹீட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், காருக்கு வயரும் செருகியாயிற்று. நீ கிளம்பி வா. இந்த ஊர்க் குளிர் ஆகாது, லீவு இல்லை என்றெல்லாம் இந்தத் தடவை சொல்லாதே. நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கடவுள் துணையிருக்கட்டும். கனமான கோட்டு எடுத்துக்கொள். அவளுக்கு நான் எழுதியது தெரிய வேண்டாம், சும்மா வந்த மாதிரி வா. டயாலிசிஸுக்கு நீ கூப்பிட்டால் வருவாள், நான் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

கோபம் தீராத உன் அப்பா,
ஆர்வில்