மூன்று நாளில் ஆறாத புண்

அன்புள்ள அம்மாவுக்கு அக்சா எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா?

இங்கே இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிகளுக்காக மாமா எடுக்கும் விளம்பரங்களுக்கு, பள்ளி விட்டு வந்து வாசகம் எழுதுவது நான்தானே. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் விளம்பரப் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். பாடம் நடத்திய மேடம், வந்திருந்த ஒரு நர்ஸிடம், "கட்டுத்துணியில என்ன பாப்பீங்க?" என்று கேட்டார்.

"பிரிக்கும்போது புண்ணுல ஒட்டக்கூடாது."

"இப்படிக் கேட்டுட்டு எழுதுங்க. துணி செய்யாததை எழுதாதீங்க" என்றார் மேடம். முதலில் கை தட்டியது மாமாதான்.

வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, மூணு நாள்ல புண் ஆறும்னு எழுது" என்கிறார்.

"துணி எப்படி மாமா ஆத்தும்? மேடம் சொன்னாவல்ல?"

"அவியளா ஒனக்குச் சோறு போடுதாவ?" என்று என் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. இப்படி ஒரு விளம்பரத்தை நம்பித்தானே அம்மா, அப்பாவின் கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போகாமல் இருந்தோம்? நான் எழுத மாட்டேன்.

நம்ம ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் சிவரஞ்சனியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பூண்டு ஊறுகாய் வேண்டாம். பெரிய பையைக் கொண்டுவாருங்கள், என் துணியெல்லாம் அதில் அடங்கிவிடும்.

மாமா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் அக்சா