மாரி பாதியில் விட்ட பல்கேரியாக்காரர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து நசநச மழை. மில்லில் ஈரப்பதம் ஏறி ரோலர் எல்லாவற்றிலும் பஞ்சு சுற்றிக்கொண்டது. மழைக்கும் மெயின்டனன்ஸ்தான் பொறுப்பு போல. திட்டு எனக்கு.

வாங்க: யுபிஎஸ் பேட்டரி, செருப்பு, அப்பாவுக்கு சுகர் மாத்திரை.

மதியம் மாரியின் தாய்மாமா போன். மாரிச்செல்வம் போன பிறகு அந்த வீட்டில் போன் எடுக்கிற ஆள் இவர் மட்டும்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாளு. நம்ம மாரி செல்லுல பந்தாட்டக் கதை சொல்லுவானாமுல்ல. கடைசியா ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தானாம். அதை முடிச்சுக் கொண்டா. பெரிய திரை கட்டிப் போட்டுருவோம். எங்க அக்கா ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

"பாதிதான் இருக்கு மாமா."

"நீ இஞ்சினியருல்லா. முடி."

வைத்துவிட்டார்.

யூடியூப் சேனல் நாங்கள் இரண்டு பேரும் நடத்தியது. குரல் அவன், எடிட் நான். பெரிய ஆட்டக்காரர் யாரும் அவனுக்கு ஆகாது. "அவனுகளுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கான்லே" என்பான். கடைசியாகப் பிடித்தது ஒரு பல்கேரியாக்காரர். மிட்ஃபீல்டராக இருந்து கோச் ஆனவர். பேர் வாயில் நுழையவில்லை, அதனால் வெறும் 'பல்கேரியா'. ஆட்டக்காரர் பாதியைப் பேசி முடித்தான். கோச் பாதி பேசுவதற்குள் மூச்சு இழுப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து உள்ளதுதான், இந்த முறை நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரி, ஆக்ஸிஜன்.

அதை எழுத வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

மாரியின் ஆடியோவை எடுத்தேன். ஏற்கெனவே நான் சுத்தம் செய்து வைத்ததுதான். மினிபஸ் கண்டக்டர் அவன், ஸ்ரீவில்லிபுத்தூர் வன்னியம்பட்டி ரூட். கடைசி டிரிப் முடிந்து வண்டியை ஓரம் கட்டிய பிறகு, கண்ணாடியெல்லாம் மூடிக்கொண்டு உள்ளேயே பேசிப் பதிவு பண்ணுவான். அறையை விட அது நல்லாயிருக்கும், எதிரொலி இல்லை.

பல்கேரியாவின் கதை இவ்வளவுதான். வடக்கே சின்ன ஊர். அப்பா டிராக்டர் மெக்கானிக். தலைநகரத்து கிளப்பில் வெகு காலம். தேசிய அணியில் பெரும்பாலும் பெஞ்ச். முட்டியில் இரண்டு ஆபரேஷன். கடைசியில் சைப்ரஸில் ஒரு கிளப், அங்கே சம்பளமே ஒழுங்காக வரவில்லை. இதை எவன் பார்ப்பான் என்று கேட்டேன். "நான் பாப்பேன்லே" என்றான்.

அவன் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது:

"இவரு கோல் போட்டு நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நானும் பாத்ததில்ல. பந்து இவருகிட்ட வரும், இவருகிட்டருந்து போகும். அம்புட்டுத்தான். கண்டக்டர் மாதிரின்னு வைங்க. வண்டியை ஓட்டுறது ஒருத்தன், ஊரு போய்ச் சேர்றது ஒருத்தன். ஆனா விசில் கொடுக்க ஆளில்லன்னா வண்டி நகராது."

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சாப்பிடவில்லை. அம்மா கதவைத் தட்டிவிட்டுப் போனாள்.

நவம்பர் 6, வியாழன்

பேட்டரி வாங்கியாச்சு. செருப்பு இல்லை.

கோச் பாதிக்கு மாரி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் கிடக்கிறது. அப்படியே:

'சொந்த ஊர் கிளப்புக்கு கோச். மொத வருசமே டீம் கீழ் டிவிசனுக்கு இறங்கிட்டு. தொரத்திட்டாங்க. வேற ரெண்டு ஊரு, அங்கயும் தொரத்திட்டாங்க. திரும்ப சொந்த ஊரே கூப்பிட்டுச்சு, போனாரு. வீடியோ பாருலே. கோட்டுக்கு வெளிய நிக்காரு, பந்து பக்கத்துல வந்தா வலது கால் தானா அசையுது. இத வச்சே ஆகணும்.'

பார்த்தேன். உண்மைதான். மழையில் ரெயின்கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார், தொப்பை போட்டுவிட்டது. பந்து எல்லைக்கோட்டை ஒட்டி உருண்டு வருகிறது. கால் ஒரு இன்ச் நகர்ந்து காற்றில் பாஸ் கொடுக்கிறது. அவருக்கே தெரிந்திருக்காது.

வழி ஒன்றுதான். பழைய வீடியோ ஆடியோ மொத்தத்தையும் ஏ.ஐ.யில் ஏற்றி மாரி குரலைச் செய்யச் சொன்னேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிட்டது. மெசேஜில் இருந்ததை விரித்து எழுதிக் கொடுத்தேன், பேசியது. 'ஏலே' கூட அவனை மாதிரியே. வேலை சுத்தம்.

மாரியின் பாதியோடு ஒட்டினேன். இரண்டாம் தடவை போட்டுக் கேட்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அரை நாள் லீவு. வன்னியம்பட்டி போனேன். எல்லார் முன்னாலும் போடுவதற்கு முன் மாரி அம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று. மினிபஸ்ஸில் புது கண்டக்டர். விசிலை எல்லாத்துக்கும் ஊதுகிறான்.

மாரி அம்மா பதினாறுக்காகப் பித்தளைச் சாமான் துலக்கிக்கொண்டு இருந்தாங்க. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாங்க. போனில் போட்டேன். முழுசும். கண்டக்டர் வசனத்துக்குச் சிரிப்பாங்க என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

முடிந்ததும், "நல்லாத்தான்யா பேசுதான்" என்றாங்க. கொஞ்சம் கழித்து, "மூச்சு எங்க?"

"எதும்மா?"

"மூச்சுய்யா. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க இழுப்பாம்லா. அடுப்படில நின்னாலும் எனக்குக் கேக்கும். அவன் என்ன பேசுதான்னு நான் எங்க கவனிச்சேன். மூச்சு வருதா வருதான்னுதான் கேட்டுக்கிட்டே கெடப்பேன்."

உண்மையைச் சொன்னேன். பின்பாதி அவன் பேசியது இல்லை, கம்ப்யூட்டர் அவன் குரலில் செய்தது, அதற்கு மூச்சு கிடையாது என்று.

"அப்ப மொதப் பாதி?"

"அது அவன்தாம்மா."

"அதுலயும் இல்லையேய்யா."

அதில் இருந்ததை வெட்டியது நான். எல்லா வீடியோவிலும். மூச்சு வாங்கும் இடம் எடிட் திரையில் ஓடும் ஒலி அலையில் சின்னப் புழு மாதிரி தெரியும். கேட்கக்கூட வேண்டாம், பார்த்தே வெட்டிவிடுவேன்.

காபி கொடுத்தாங்க. சீனி போடவில்லை. மறந்திருப்பாங்க. குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது. பேட்டரி தாங்கியது.

வீடியோ ஏற்றியதும் வெட்டாத ஃபைலை டெலீட் பண்ணிவிடுவது என் வழக்கம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும். ஆக அவ்வளவு கதைகளிலும் மூச்சு போச்சு. இந்தக் கடைசி ஒன்று முடியாததால் மட்டும் அதன் வெட்டாத ஃபைலும் கிடக்கிறது.

போட்டேன். ஆரம்பத்திலேயே, கதைக்கு முன்னால், எனக்குச் சொல்கிறான்:

"ஏலே, இன்னைக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. மூச்சு வாங்குனதெல்லாம் வெட்டிரு, என்ன. கேக்குறவன் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து ஓடிருவான்."

அவனுக்குப் பிடிக்காது. எப்பவுமே இதைத்தான் சொல்வான். பஸ்ஸிலும் மூச்சு வாங்கும்போது திரும்பி நின்று டிக்கெட் கட்டை எண்ணுகிற மாதிரி நடிப்பான்.

அவன் பேச்சைக் கேட்பதா, அவன் அம்மா பேச்சைக் கேட்பதா. யாரிடம் கேட்க. கேட்க வேண்டிய ஆளே இல்லை.

சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பொறவு கம்ப்யூட்டர் பேசிய பாதியை டெலீட் பண்ணினேன். எனக்குச் சொன்னதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை வெட்டாமல் படத்தோடு ஒட்டினேன். ஒவ்வொரு இழுப்பு வரும்போதும் விரல் தானாக வெட்டுகிற பட்டனுக்குப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மீதியைப் பார்த்தேன்.

மன்னிச்சுக்கலே.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். நல்லதாகப் போச்சு, வாசலில்தான் பந்தல்.

மில் புரொஜெக்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். திரைக்கு வேட்டி. சாப்பாடு முடிந்து இருட்டினதும் போட்டோம். அவன் ரூட் ஆட்கள் நிறைய. கண்டக்டர் வசனத்துக்கு டிரைவர் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "நம்மளத்தாம்யா சொல்லுதான், ஓட்டுற ஒருத்தன்னு" என்றவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

இடையிடையே மூச்சு. ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. விசில் மாதிரி உள்ளே போய்க் கரகரவென்று வெளியே வருகிறது. ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டது, அதட்டி உட்கார வைத்தார்கள். மாரி அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போய் ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாங்க. திரையைப் பார்க்கவே இல்லை.

கடைசி மேட்ச், பல்கேரியா பூட்ஸைக் கழற்றுகிற இடத்தோடு முடிந்தது. வெள்ளை வேட்டி மட்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

மாமா கேட்டார், "பொறவு அந்தாளுக்கு என்னாச்சு தம்பி?"

எனக்குப் பேச வராது. நின்றுகொண்டு சொன்னேன். "கோச் ஆனாரு. தோத்தாரு. வெளிய அனுப்பிட்டாங்க. வேற ஊரு போனாரு, அங்கயும் தோத்தாரு. சொந்த ஊர்லயே திரும்பக் கூப்பிட்டாங்க."

"கோச்சுன்னா ஆட மாட்டாரோ?"

"மாட்டாரு. கோட்டுக்கு வெளியதான் நிக்கணும்."

"உசுரோட இருக்காராய்யா?" இது மாரி அம்மா.

"இருக்காரும்மா."

"நல்லா இருக்கட்டும்."

மாரி வைக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். "பந்து பக்கத்துல வந்தா மட்டும் இன்னும் அவரு கால் அசையும். அவருக்கே தெரியாம."

அவங்க கை இன்னும் ஸ்பீக்கர் மேல் இருந்தது.

"அசையத்தாம்யா செய்யும்" என்றாங்க.

கடைசி பஸ்ஸில் வந்தேன். புரொஜெக்டர் வயரை அங்கேயே விட்டுவிட்டேன்.