பேனரில் கயலின் படம்

ஆனி, ஞாயிற்றுக்கிழமை. இரவு.

இன்று திருவேட்டக்குடி பள்ளிக்கூடத்தில் ஸ்டெம் செல் கொடையாளர் முகாம் நடத்தினோம். பரிசோதனைச் செலவுக்கு மேசையில் ஓர் உண்டியலும் வைத்திருந்தோம். அதில் பணம் போட நிறையப் பேர் வந்தார்கள். வாயைத் திறந்து மாதிரி கொடுக்கச் சொன்னால்தான் தயங்கினார்கள்.

மத்தியானம் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். கையைக் கழுவிவிட்டுப் படிவத்தை நிரப்பினார். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது பேனரில் இருந்த கயலைப் பார்த்து, "இந்தப் பாப்பாவுக்கு ஆளு கெடைச்சிச்சாங்க?" என்று கேட்டார்.

"கெடைச்சிச்சுங்க. இப்ப நல்லா இருக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் மகளுக்கு யாருடைய செல்லும் பொருந்தவில்லை. இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

அவர் சந்தோஷமாகப் போனார். என் மனைவி சுமதி பக்கத்திலேயே மாதிரிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

பாயை விரிக்கும்போதுதான் கேட்டாள்: "புள்ள எத்தனாவது படிக்கிதுன்னு அவரு கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?"

"நாலாவதுன்னு சொல்லியிருப்பேன்."

தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"இல்லங்க. பள்ளிக்கூடம் தொறந்தாச்சுல்ல. அஞ்சாவது."