எனக்குக் கொடுத்த பால்

பாப்பாவின் அம்மாவுக்கு,

அவள் அப்பா எழுதுவது. இங்கே நான் ஒருவன்தான், என் சமையலை நானே தின்கிறேன். நேற்று உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். யாரைத் திட்டுவது?

நீங்கள் தங்கியிருக்கும் உன் அக்கா வீட்டிலிருந்து அவர் போன் செய்தார். பாப்பாவுக்கு வயிற்றுவலி குறைந்திருக்கிறதாம். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகிறதாம், ரத்தத்தில் ஈயத்தின் அளவு இன்னும் அவ்வளவாகக் குறையவில்லையாம். நீ சரியாகச் சாப்பிடாமல், என் கையாலேயே என் பிள்ளையைக் கெடுத்துட்டேனே என்று அழுகிறாயாம்.

என் வேலைத் துணியையும் அவள் கவுனையும் ஒரே வாளியில் ஊறவைத்ததைத்தானே சொல்கிறாய்? டாக்டர் அதைக் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். துணியிலும் ஈயத்தூள் உண்டுதான். ஆனால் பாப்பா துணியைக் குடிக்கவில்லை.

பழைய பேட்டரி உருக்கும் எங்கள் பட்டறையில் ஆளுக்குத் தினம் ஒரு டம்ளர் பால் தருவார்கள். ஈயத்தை முறிக்குமாம், மேஸ்திரி சொல்வார். நான் ஒரு நாளும் குடித்ததில்லை. கடையில் வாங்கியது என்று சொல்லி எட்டு மாதமாக நான் கொண்டுவந்தது அந்தப் பால்தான். உலைக்குப் பக்கத்து அலமாரியில், மூடி சரியாக நிற்காத பாட்டிலில் சாயங்காலம் வரை இருக்கும். கழுவாத கையால்தான் ஊற்றுவேன். உண்மையைச் சொன்னால், உங்களுக்குக் கொடுத்ததை நீங்களே குடிங்க என்பாய். விஷத்தையே முறிக்கிற பால் பிள்ளைக்கு எவ்வளவு நல்லது என்று நினைத்த கூறுகெட்ட மண்டை என்னுடையது. கடைசிச் சொட்டு வரை குடித்தால்தான் அவளை விளையாட விடுவேன்.

திங்கட்கிழமை அந்தப் பாட்டிலை டாக்டரிடம் கொண்டுபோனேன். சோதித்துவிட்டு, இந்தப் பாலில்தான் ஈயம் இருக்கிறது என்றார். பால் ஈயத்தை முறிக்காது என்றும் சொன்னார். பிறகு என் கையை நீட்டச் சொன்னார். வலது மணிக்கட்டு நிமிரவில்லை, என் உடம்பிலும் ஈயம் ஏறியிருக்கிறதாம். இந்த எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், பயப்படாதே. இனி பட்டறைக்குப் போகக்கூடாதாம், நானும் போகவில்லை.

வீடு முழுவதும் மூன்று முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவளைக் கூட்டிவராதே. நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் எழுதுகிறேன். களைத்துவிட்டேன். நீயாவது வயிறாரச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. யாரால் இப்படி ஆனது என்று ஒருநாள் கேட்டால் அவள் கையில் கொடு. இதை எழுத்துக்கூட்டாமல் படித்து, புரிந்துகொண்டு, என்னை வாய்நிறையத் திட்டும் அளவுக்கு அவள் தேறி வரட்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா